கொட்டையும் குச்சியும்

பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களில் நிழலுக்கும் உபரி வருமானத்துக்குமாக நிற்கும் வெண்ணெய்ப்பழ மரங்களுள் கொட்டையிலிருந்து முளைத்தவையும் உண்டு என்பதை, ஒரு மரத்தின் காய் சுரைக்குடுக்கை போலக் கழுத்து நீண்டும் அடுத்த மரத்தின் காய் உருண்டு திரண்டும் இருப்பதைக் கொண்டே அறியலாம். இம்மரத்தின் பூ முதல் நாள் பெண்பூவாக விரிந்து மூடி, மறுநாள் ஆண்பூவாக மீண்டும் விரிவதால், அயல்மரத்தின் மகரந்தம் வந்து சேர வாய்ப்பு மிகுகிறது. ஆகவே ஒவ்வொரு கொட்டையும் தாய்மரத்தின் படியாக அமையாமல் புதியதொரு கலப்பாகவே அமைகிறது. வீட்டு ஜன்னலோரத்தில் கண்ணாடிக் குவளையில் கொட்டையை முளைக்கவைப்போர் எதிர்பார்ப்பதற்கும், நாற்றங்கால் தொழிலாளர் அதே கொட்டையிடம் எதிர்பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தொடங்குகிறது: முன்னவர் அதனிடம் பழத்தைக் கேட்கிறார், பின்னவர் வேரை மட்டுமே கேட்கிறார்.

வெண்ணெய்ப்பழக் கொட்டை நெல்லைப் போலக் காயவைத்துச் சேமிக்கத்தக்க விதையன்று; ஈரம் வற்றினால் முளைப்புத்திறன் போய்விடும் என்பதால், பழத்திலிருந்து எடுத்த சூட்டோடு கழுவி, மேலுள்ள பழுப்புத் தோலை உரித்து, தட்டையான பக்கம் கீழாகவும் கூம்பிய முனை மண்ணுக்குச் சற்று மேலே தெரியும்படியாகவும் பாலித்தீன் பைகளில் ஊன்றுகின்றனர். வேரழுகல் நோய்க்குக் காரணமான பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி கொட்டையோடு வராதிருக்க, ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி எடுப்பதும் உண்டு. 4 முதல் 8 வாரங்களுக்குள் கொட்டை இரண்டாகப் பிளந்து, முதலில் வேரும் பின்னர் தண்டும் வெளிப்படுகின்றன. பல்குத்தும் குச்சிகளால் தாங்கப்பட்டுக் குவளை நீரில் நிற்கும் கொட்டையிலும் இதுவே நடக்கிறது; ஆயினும் தண்ணீரில் சத்து இல்லாததால், கொட்டையின் சேமிப்பு தீருமுன் அதை மண்ணுக்கு மாற்றியாக வேண்டும்.

தண்டு பென்சில் கனத்தை எட்டியதும் ஒட்டுக்கட்டும் வேலை தொடங்குகிறது. இத்தொழிலின் திறமை கத்தியில் இருப்பதாகவே பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் பாதித் திறமை குச்சியைத் தெரிந்தெடுக்கும் கண்ணில் இருக்கிறது. நன்கு காய்க்கும் மரத்தின் நுனிக்கிளையில், மொட்டு பருத்திருந்தும் விரியாத நிலையிலுள்ள குச்சியே ஏற்றது. இளசாக இருந்தால் வாடும், முற்றிப்போனால் துளிர்க்கத் தாமதிக்கும். நாற்றின் தலையைச் சீவி, நடுவே சில சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளந்து, குச்சியின் அடியை ஆப்புப்போல் இருபுறமும் செதுக்கி அப்பிளவில் செருகுகின்றனர். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதிய திசுக்களை உருவாக்கும் மெல்லிய வளரடுக்கு ஒன்றுண்டு. நாற்றின் வளரடுக்கும் குச்சியின் வளரடுக்கும் தொட்டால்தான் ஒட்டு பிடிக்கும் என்பதால், இரண்டின் கனமும் ஒத்துவராதபோது ஒரு பக்கத்தையேனும் சரியாகப் பொருத்திவிடுகின்றனர். வெட்டுவாய் காற்றுப்பட்டு விரைவில் பழுப்பேறுவதால், செதுக்குவதும் செருகுவதும் பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுவதும் ஒரே மூச்சில் முடிந்தாக வேண்டும். விற்பனைக்கு வரும் கன்றில் இரகத்தின் பெயர் எழுதிய சீட்டு தொங்கும். கட்டியவரின் பெயர் எங்கும் இராது.

இத்தொழில் தோற்ற இடத்தில் பிறந்ததுதான் உலகச் சந்தையின் முதன்மை இரகமான ஹாஸ் என்பது விந்தையே. கலிபோர்னியாவின் லா ஹாப்ரா ஹைட்ஸில் ருடால்ப் ஹாஸ் என்னும் தபால்காரர் ஒட்டுக்கு வேர் தரும் வேர்ச்செடிக்காக முளைக்கவைத்த நாற்றுகளுள் ஒன்றில் ஒட்டு பிடிக்கவேயில்லை. மரம் வலுவாக இருப்பதால் அப்படியே விட்டுவிடலாம் என்று ஒட்டுக்கட்டுபவர் சொன்னதாலேயே அது பிழைத்தது. 1935இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. தாய்மரம் வேரழுகலுக்குப் பலியாகி 2002இல் வெட்டப்பட்டது. இன்றுள்ள ஹாஸ் மரங்கள் யாவும் அதிலிருந்து வழிவழியாக ஒட்டுக்கட்டிப் பெருக்கப்பட்டவையே. கீழ்ப்பழனியிலோ, தடியன்குடிசைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டிகேடி-1 என்னும் இரகத்தை வெளியிட்டுள்ளது.

ஹாஸைத் தந்தது போன்ற தற்செயலை எதிர்பார்த்து வீட்டில் கொட்டை ஊன்றுவோர், காய்ப்புக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள், சிலவேளை அதற்கும் மேல், காத்திருக்க நேரும். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கலாம். எனினும் வீட்டில் வளர்ந்த நாற்று வீணன்று. நல்ல குச்சியும் பழகிய கையும் கிடைத்தால் அதுவே வேர்ச்செடி ஆகிவிடும். அதன்பின் செய்யவேண்டிய வேலை ஒட்டுவாய்க்குக் கீழே கிளம்பும் துளிர்களைக் கண்டவுடன் கிள்ளிவிடுவதே. அவை நாற்றின் சொந்தத் துளிர்கள் ஆதலால் மேலே கட்டிய குச்சியைவிட வேகமாகவும் செழிப்பாகவும் வளர்பவை. நாற்றங்கால் தொழிலாளர் தயங்காமல் களையும் அத்துளிரைச் செழிப்பின் அடையாளமென்று வீட்டார் விட்டுவைக்கும்போது, குச்சி மெல்லக் காய்ந்து, தொட்டியில் மீண்டும் கொட்டைச்செடியே மிஞ்சுகிறது.