சொல்லாமல் விட்ட கம்பி

ஓடந்துறையைப் பற்றி மேடையில் பேசும்போதெல்லாம் ஒரு விஷயத்தைத் தெரிந்தே விட்டுவிட்டேன்.

மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த ஊராட்சி 2006இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டது. அதைச் சொல்வேன். மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றதையும் சொல்வேன். "ஊருக்கு ஊர் இப்படிச் செய்தால் கோபுரம் நட்டு லைன் இழுக்க வேண்டிய வேலையே இல்லை" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள்.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பதை மட்டும் சொன்னதில்லை. அது உடுமலைப் பக்கம் மைவாடியில் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கேதான் நன்றாக அடிக்கும். அங்கே உற்பத்தியாவதை வாங்கிக்கொள்வது மின்வாரியத்தின் கம்பி. ஓடந்துறையின் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கரண்ட் கொடுப்பதும் அதே கம்பி. ஆடியில் நிற்காமல் சுற்றும் இறக்கை தையிலும் மாசியிலும் சோர்ந்துவிடும். அந்த மாதங்களில் ஊரைக் காப்பது எங்கோ எரியும் நிலக்கரியும் எங்கோ அணையில் விழும் தண்ணீரும். ஊராட்சி செய்தது பெரிய காரியம். அதில் பாதியை வெட்டியெடுத்துக் கம்பிக்கு எதிரான சாட்சியாக நிறுத்தியவன் நான்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 2014இல் பீகாரின் ஜகானாபாத் மாவட்டத்தில் தர்னாய் கிராமத்துக்கு 100 கிலோவாட் சூரியமின் நிலையம் வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள், கூடவே தண்ணீர் மோட்டார்கள். விளக்கையும் ஃபேனையும் அது தாங்கியது; வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வைத்திருந்தால் தாங்கியிருக்காது. ஊர்க்காரர்கள் அரசாங்கக் கரண்ட் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர்களுக்கு விவரம் போதவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்த நேரத்தில் என் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் மின்வாரிய இணைப்பில். இன்னொருவர் வீட்டுக்கு இவ்வளவு கரண்ட் போதும் என்று அளவு வைத்தேன். என் வீட்டுக்கு அந்த அளவை வைக்கவில்லை.

ஊரிலேயே மின்சாரம் எடுப்பதில் எனக்குள்ள நம்பிக்கை குறையவில்லை. கூரைமேல் சூரியத் தகடும் ஓடையில் வைக்கும் சின்ன டர்பைனும் கம்பியோடு சேர்ந்தே நிற்கட்டும். இனி ஓடந்துறையைச் சொல்லும்போது மைவாடியையும் சொல்வேன். கைதட்டல் குறைந்தால் குறையட்டும்.