“பால் கொடுக்கிறேன்” என்று சொல்லுங்கள்!

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் வாசலில் சற்று உட்கார்ந்தேன். பக்கத்தில் கைக்குழந்தையுடன் ஓர் இளம் தாய். உப்புக் கூடை சுமந்து இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

“பால் கொடுப்பதைக் கடைக்காரரிடம் சொன்னாயா, அம்மா?”

“அவரு கேக்கலியே, அக்கா!”

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தயோகால்சிகோசைடு! பிடிப்பைத் தளர்த்தும் இந்த மருந்து தாய்ப்பாலில் கலக்கும். பாலூட்டுவோருக்கு ஆகாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே கூறிவிட்டது.

சகோதரிகளே, இவ்வகை மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. பேக்லோஃபென் பாலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. கரிசோப்ரடால் குழந்தையை மயக்கத் தூக்கத்தில் ஆழ்த்தலாம். சாதாரண வலிக்குப் பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை. அவற்றையும் டாக்டரைக் கேட்டே சாப்பிடுங்கள். எழுப்பியும் விழிக்காமல், பால் குடிக்காமல் குழந்தை துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பயந்துபோய் நீங்களாகவே பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள்.

“இந்தத் தடவ அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், அக்கா!”