அப்பா படத்தை மெட்டலில் போடுவதற்கு முன்



இன்று சுகர், பிரஷர் எதுவும் இல்லை. போட்டோ பற்றிப் பேசப் போகிறேன்.

"கவர்மென்ட் டாக்டருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கு.

வீட்டில் மாட்டுகிற பெரியவர்கள் படத்தை இப்போது பலர் அலுமினியத் தகட்டில் போடுகிறார்கள். மெட்டல் பிரிண்ட் என்கிறார்கள். கண்ணாடி வேண்டாம், பிரேம் வேண்டாம், ஈரத்தில் ஊறாது. நல்ல பொருள்தான். ஆனால் அந்த ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கிறார்கள். மூன்றுக்கும் விலை வேறு, ஆயுசு வேறு. என் அப்பா படத்துக்காகச் சில மாதம் லேப் லேபாக ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க.

முதலில், காகிதப் படம் ஏன் கெடுகிறது?

எங்கள் வீடு வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது பாதி ஓடு போய்விட்டது. சுவரில் இருந்த அப்பா படத்துக்குள் தண்ணீர் இறங்கியது. காய்ந்த பிறகு உறவுக்காரர் ஒருவர் பிரேமைப் பிரித்தார். முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்துவிட்டது.

பழைய கலர் போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். நாங்கள் எழுதிக்கொடுக்கிற கேப்ஸ்யூல் மாத்திரை இருக்கே, அதன் கூடும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். ஈரக் கையில் கேப்ஸ்யூலைப் பிடித்தால் பிசுபிசுவென்று ஒட்டும் இல்லையா? போட்டோவும் அப்படித்தான் கண்ணாடியில் ஒட்டும். பூஞ்சைக்கும் அது நல்ல சாப்பாடு. கடலோர வீடுகளில் பழைய படங்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் வீட்டுப் படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்து முதலில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

சரி, மெட்டல் பிரிண்டுக்கு வருவோம். அந்த மூன்று சரக்கு எவை?

முதல் வகை ஸ்டிக்கர். படத்தை வினைல் ஸ்டிக்கரில் அடித்து ஏசிபி ஷீட்டில் ஒட்டித் தருவார்கள். கடைகளின் பெயர்ப்பலகைக்குப் போடுகிற அதே ஷீட். இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் இருக்கும். இதற்கும் மெட்டல் பிரிண்ட் என்றுதான் பில் போடுகிறார்கள்.

இரண்டாவது யுவி பிரிண்ட். மையைத் தகட்டின் மேலேயே அடித்து, புற ஊதா விளக்கால் உடனே இறுக வைப்பது. இது ஏமாற்று இல்லை. ஆனால் மை தகட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அழுத்திக் கீறினால் பெயர வாய்ப்பு உண்டு.

மூன்றாவது சப்ளிமேஷன். பள்ளிக்கூடத்தில் பதங்கமாதல் என்று படித்தோமே, அதுதான். கற்பூரம் உருகாமல் நேராக ஆவியாகிற மாதிரி. படத்தை முதலில் ஒரு தாளில் சாயமையால் கண்ணாடி பிம்பமாக அடிப்பார்கள். அதைப் பாலியஸ்டர் பூச்சு பூசிய அலுமினியத் தகட்டின் மேல் வைத்து ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள்ளேயே போய்விடும். படம் பூச்சுக்குள் இருப்பதால் உரிய ஒன்றும் இல்லை. தலைமுறைக்கு வைக்கிற படத்துக்கு நான் சொல்வது இதைத்தான். காகிதப் பிரிண்டை விட விலை பல மடங்கு. அதனால்தான் வாங்குவதற்கு முன் சோதிக்கச் சொல்கிறேன்.

கடையில் நின்றுகொண்டே கண்டுபிடிக்கலாம். மாதிரித் தகட்டின் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் கறுப்பாகவோ சாம்பலாகவோ ஒரு பட்டை தெரிந்தால் ஏசிபி. மூலையை நகத்தால் லேசாக நெருடுங்கள். தூக்கினால் ஸ்டிக்கர். விரலை மெதுவாகப் படத்தின் மேல் ஓட்டுங்கள். நிறம் மாறும் இடத்தில் மேடு தட்டினால் அநேகமாக யுவி. சப்ளிமேஷனில் எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு.

இந்த வரைக்கும் மெஷின் விஷயம். இனிமேல் சொல்வதுதான் முக்கியம்.

முகத்தின் நிறம்.

என் அப்பா முப்பது வருஷம் உப்பளத்தில் நின்றவர். தலைக்கு மேலே வெயில். கீழே வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில். அவர் கறுப்பில் பாதி பிறவி, பாதி உழைப்பு. அதில்தான் என்னைப் படிக்க வைத்தார்.

புயலுக்குப் பிறகு மிஞ்சியது அத்தை வீட்டு ஆல்பத்தில் இருந்த ஒரே ஒரு 4க்கு 6 படம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். அதை ஸ்கேன் செய்து ஒரு லேபில் கொடுத்தேன். அச்சடிப்பதற்கு முன் பார்க்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அம்மாவிடம் போனை நீட்டினேன்.

"யாரு தம்பி இது?" என்றார் அம்மா.

அப்புறம் அவரே கண்டுபிடித்துவிட்டார். "உங்கப்பாவா? இந்த நெறத்துல அவரை நான் ஒருநாளும் பாத்ததில்லையே."

யாரும் கேட்காமலே முகத்தை வெளுத்து, கன்னத்துச் சுருக்கத்தை வழித்து, உதட்டுக்கு ஒரு சிவப்பும் வைத்திருந்தார்கள். லேப்காரரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கறுப்பா வந்தா திருப்பிக் கொடுத்துடுறாங்க சார். பத்துல எட்டுப் பேர் 'கொஞ்சம் கலராக்குங்க'ன்னுதான் கேக்குறாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. அந்தக் கடையில் கேட்கிற 'கலர்' நாம் கேட்டுப் பழக்கியது.

எங்களுக்கு லேப் என்றால் ரத்தப் பரிசோதனை லேப். அங்கே எந்த ரிப்போர்ட்டிலும் ஓரத்தில் 'நார்மல்' அளவு போட்டிருக்கும். அந்த நார்மல் யாரை வைத்துக் கணக்குப் போட்டது என்று கேட்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போட்டோ லேபுக்கும் ஒரு நார்மல் உண்டு. 1950களிலிருந்து கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாமே சரி என்று கணக்கு. கறுப்புத் தோல் இருட்டில் அமுங்கிப் போனது பற்றி ரொம்பக் காலம் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பல நிறத்தவர் சேர்ந்து நிற்கிற கார்டு 1990களில்தான் வந்தது. கார்டு மாறிவிட்டது. நம் ஊர் 'டச்சப்' பழக்கம் இன்னும் மாறவில்லை.

அதனால் லேபில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

1. "இது சப்ளிமேஷனா, யுவியா, ஸ்டிக்கரா?" நேராகப் பதில் வர வேண்டும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

2. "முகத்தில் கை வைக்காமல் அடிப்பீர்களா?" ஆட்டோ கரெக்‌ஷனும் வேண்டாம், டச்சப்பும் வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். கீறல், பூஞ்சைப் புள்ளி எடுப்பது வேறு. அது செய்யலாம்.

3. "5க்கு 7 அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் தருவீர்களா?" காசு கொடுத்தே வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை லேபில் நோயாளி ரத்தத்தை ஓட்டுவதற்கு முன், விடை தெரிந்த ஒரு மாதிரியை ஓட்டி மெஷினைச் சரிபார்ப்பார்கள். அதே வேலைதான் இது. போன் திரை உள்ளிருந்து வெளிச்சம் அடிப்பது. தகடு அப்படி இல்லை. போனில் பளிச்சென்று இருப்பது தகட்டில் ஒரு படி மங்கலாகத்தான் வரும்.

4. "தகடு வெள்ளைப் பூச்சா, கிளியரா?" சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது தகட்டின் வெள்ளைப் பூச்சுதான். கிளியர் தகடு வாங்கினால் அந்த இடத்தில் உலோகம் மினுங்கும். கடல், கட்டடம் என்றால் அழகு. மனுஷருக்குப் போட்டால் வேட்டி எவர்சில்வர் மாதிரி பளபளக்கும். முகத்துக்கு வெள்ளைப் பூச்சுதான் சரி. எதிரே ஜன்னலோ டியூப்லைட்டோ இருந்தால் கிளாஸி வேண்டாம், மேட் கேளுங்கள்.

5. "எப்படிப் பேக் செய்வீர்கள்?" தகட்டின் மூலை கீழே இடித்தால் மடங்கும். மடங்கினால் நிமிர்த்த முடியாது. நான்கு மூலைக்கும் காப்பு வைத்து அனுப்புகிற லேப் பொருளின் அருமை தெரிந்த லேப்.

சோதனைப் பிரிண்ட் வந்ததும் என்ன பார்ப்பது? முகத்தைப் பார்ப்பதற்கு முன் வேட்டியைப் பாருங்கள். வெளிச்சமான திண்ணையில், பகலில் பாருங்கள். வேட்டியில் நீலமோ மஞ்சளோ ஓடினால் முகத்திலும் அது ஓடியிருக்கும். வேட்டியின் மடிப்புகள் தெரிகிறதா? மடிப்பே இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்தால், படத்தை அளவுக்கு மேல் வெளுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சேலை, தலைமுடி, பின்னால் இருக்கிற சுவர், எதன் நிறம் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமோ அதை வைத்துச் சரிபாருங்கள். நினைவில் இருக்கிற முகத்தை விட வேட்டி நம்பகமான சாட்சி.

அடுத்து, லேபுக்குக் கொடுக்கிற பைல். எவ்வளவு நல்ல லேபாக இருந்தாலும் பைலில் இல்லாததைக் கொண்டுவர முடியாது.

பழைய படத்தைப் போனில் போட்டோ எடுக்காதீர்கள். கோணல் விழும், வெளிச்சம் பட்டுத் திட்டாகும். ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுங்கள். 4க்கு 6 அங்குலப் படம் 600 டிபிஐயில் 2400க்கு 3600 பிக்சல் வரும். அதை 12க்கு 18 அங்குலமாகப் பெரிதாக்கினால் ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சல் நிற்கும். சுவரில் மாட்டி நாலடி தள்ளிப் பார்க்கிற படத்துக்கு இது தாராளம். அதற்கு மேல் இழுத்தால் முகம் மாவு மாதிரி ஆகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் பென் டிரைவில் நேரில் கொடுங்கள்.

"நூறு வருஷம் கேரண்டி" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். பலமான வெளிச்சத்தில் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்து, அதிலிருந்து போடுகிற கணக்கு அது. எந்தப் பிரிண்டாக இருந்தாலும் நேர் வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள். சாயம் வெளிறும்.

கடைசியாக, எந்த விளம்பரத்திலும் சொல்லாத ஒரு விஷயம். நம் வீட்டில் படம் என்றால் பொட்டு உண்டு, மாலை உண்டு. மெட்டல் பிரிண்டில் கண்ணாடி இல்லையே?

இரண்டாவது லேபில் அடித்து வந்த படத்தை மாட்டியதும் அம்மா செய்த முதல் வேலை, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்ததுதான். யார் என்று கேட்கவில்லை. வைத்த பொட்டை மறுநாளே மெல்லிய ஈரத்துணியால் துடைத்துவிடுகிறோம். காயவிட்டு நகத்தாலோ நாராலோ சுரண்டக் கூடாது. மாலைக்குப் படத்துக்கு மேலே தனி ஆணி. தகட்டின் விளிம்பில் நூலைக் கட்டாதீர்கள். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். வார்டில் ஓர் உயிர் போன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகள் போனைத் தள்ளித் தள்ளிப் படம் தேடுவதை அடிக்கடி பார்க்கிறேன். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் பாதி முகம் கிடைக்கும். இல்லையென்றால் ஆதார் அட்டைப் படம். அதைத்தான் பெரிதாக்கிப் பதினாறாம் நாளுக்கு மாட்டுகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அப்பாவையும் அம்மாவையும் திண்ணையில் உட்கார வைத்து, காலை வெளிச்சத்தில், பில்டர் எதுவும் போடாமல் ஒரு படம் எடுங்கள். ஒரிஜினல் பைலைப் பத்திரமாக வையுங்கள். லேபை நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.