நிலைமொழி, வருமொழி, துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றி எழுதத் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு அந்தச் சொல்லையே முதலில் எடுத்துக் காட்டலாம். துருக்கிய மூலத்திலிருந்து உருது வழியாக வந்த 'துபாக்', தமிழுக்குள் நுழைந்ததும் 'துப்பு' என்னும் நம் பழஞ்சொல்லின் தோளில் ஏறி அமர்ந்துகொண்டது. இன்று அதைப் பிரிக்கச் சொன்னால், "துப்பு + ஆக்கி, வலிமையை ஆக்குவது" என்று கூசாமல் எழுதும் மாணவர்கள் உண்டு. பிரிப்பு தவறு. ஆயினும் பாகங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்திவிடுகின்றன! பிறப்பு வேறு, பொருத்தம் வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சிந்தனையைக் கிளறிவிட்டவன் டெக்சாஸில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன். விடுமுறையில் புதுச்சேரிக்கு வந்திருந்தபோது, தன் அண்டைவீட்டுக்காரர் சமையலறை மேசையில் துப்பாக்கி கூட்டும் கதையைச் சொன்னான். குழல் ஒரு நிறுவனத்தினுடையது, விசை வேறொன்றினுடையது, தோளில் ஊன்றும் பின்கட்டை மூன்றாவது ஒன்றினுடையது. 1950களில் யூஜீன் ஸ்டோனர் வடிவமைத்த ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கி அது. காப்புரிமைகள் காலாவதியான பின் யார் வேண்டுமானாலும் அதன் பாகங்களைச் செய்யலாம் என்றாகி, இன்று அது பெரியவர்களின் விளையாட்டுக் கட்டைபோல ஆகிவிட்டது. ஆனால் எல்லாமே பொருந்திவிடுவதில்லையாம். பின்கட்டை ஏறும் குழாயில் 'இராணுவ அளவு', 'வணிக அளவு' என்று இரண்டு உண்டு. இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டருக்காக ஒரு சனிக்கிழமை முழுவதும் அந்த மனிதர் வைதுகொண்டிருந்தாராம். "ஐயா, நீங்க நடத்தின புணர்ச்சி விதி மாதிரியே இருந்துச்சு" என்றான்.

அவன் சிரிப்பதற்காகச் சொன்னான். எனக்கு அது சிரித்துவிட்டுப் போகும் செய்தியாகப் படவில்லை.

நம் இலக்கணம் இரண்டு சொற்கள் கூடுவதை இருவகையாகப் பார்க்கிறது. பொன்னும் மலையும் கூடினால் பொன்மலை. எதுவும் மாறவில்லை, ஆகவே இயல்பு. பொன்னும் குடமும் கூடினால் பொற்குடம், ஓரெழுத்து திரிந்துவிட்டது. பூவும் கொடியும் கூடினால் நடுவே ஓர் எழுத்து தோன்றுகிறது. மரமும் வேரும் கூடினால் ஓர் எழுத்து கெடுகிறது. தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றும் விகாரம். சேர்வதற்காக ஒன்று தன்னைச் சற்றே மாற்றிக்கொள்வது என்பதுதான் விகாரத்தின் உட்பொருள்.

துய்ப்ளே புதுச்சேரியின் ஆளுநராக இருந்த 1742 - 1754 காலத்தில், இங்கிருந்த பிரெஞ்சுச் சிப்பாய்களின் தோளில் கிடந்த துப்பாக்கிகள் எல்லாம் விகாரப் புணர்ச்சிகளே. கொல்லன் ஒருவன் ஒரு பாகத்தை மற்றொன்றோடு வைத்துப் பார்த்து, அரத்தால் இழைத்து, மீண்டும் வைத்துப் பார்த்து, இரண்டும் இணங்கும்வரை இரண்டையும் திருத்துவான். முடிவில் ஒரு துப்பாக்கி பிறக்கும். அதன் பாகங்கள் அதற்கு மட்டுமே உரியவை. போர்க்களத்தில் ஒரு திருகு உடைந்தால், பக்கத்தில் கிடக்கும் துப்பாக்கியிலிருந்து எடுத்துப் போட முடியாது; கொல்லனைத் தேடவேண்டும். கொல்லன் இல்லாத இடத்தில் துப்பாக்கி வெறும் தடி.

இதை மாற்ற முனைந்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே. பீரங்கிகளின் அளவுகளை 1765 முதல் ஒழுங்குபடுத்திய தளபதி கிரிபோவாலின் ஆதரவில், ஒனோரே பிளாங் என்னும் துப்பாக்கித் தொழில் வல்லுநர், எல்லாத் துப்பாக்கிக்கும் எல்லாப் பாகமும் பொருந்தவேண்டும் என்று உழைத்தார். அச்சுகளும், பாகத்தைப் பிடித்து அராவும் சட்டங்களும், பட்டறைக்காரர்கள் 'கேஜ்' என்று சொல்லும் அளவுக்கருவிகளும் அவருடைய படைக்கலங்கள். 1785இல் அமெரிக்கத் தூதராகப் பாரிசில் இருந்த தாமஸ் ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கிகளின் சுடுபொறிகள் கழற்றப்பட்டு அறை அறையாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்ததை எடுத்துச் சிலவற்றை அவரே கூட்டிப் பார்த்தார், குறையின்றிப் பொருந்தின. வியப்பை அப்படியே தாய்நாட்டுக்குக் கடிதமாக எழுதினார்.

பிரான்சில் அந்த முயற்சி நிலைக்கவில்லை. தம் கைத்திறனுக்கு விலை போய்விடும் என்று கைவினைஞர்கள் எதிர்த்தார்கள். 1801இல் பிளாங் இறந்த சில ஆண்டுகளில் அரசும் கைவிட்டது. அமெரிக்காவில் அதே 1801இல் எலி விட்னி என்பவர் தலைவர்கள் முன்னிலையில் ஒரு செயல்விளக்கம் நடத்திப் புகழ்பெற்றார். எஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று கண்டார்கள். உண்மையில் அதைச் சாதித்தவர் 1820களில் ஹார்ப்பர்ஸ் பெரியில் வேலைசெய்த ஜான் ஹால். 1834இல் சிமியன் நார்த் என்பவர் தம் கனெக்டிகட் ஆலையில் செய்த பாகங்கள் ஹாலின் துப்பாக்கிகளோடும் மாறிப் பொருந்தின. இரண்டு ஊர்களில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் செய்தவை கூடின. விகாரம் ஒழிந்து எல்லாம் இயல்பான நாள் என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் இந்த 'இயல்பு' இயற்கையாக வந்ததன்று. பொன்னும் மலையும் தாமாகக் கூடுகின்றன. இரும்பும் இரும்பும் கூட, எங்கோ ஒருவர் கையில் ஓர் அளவுகோல் இருக்கவேண்டும். இருவரும் அதற்குப் பணியவேண்டும். பொருத்தம் என்பது பாகத்திற்குள் இருக்கும் குணம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது இரண்டு ஆலைகளுக்கு இடையிலான உடன்படிக்கை.

உடன்படிக்கை பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியத்தில் பிறந்த பால் என்னும் துப்பாக்கியின் வரலாறு போதும். பெல்ஜியம் அதை மெட்ரிக் அளவில் செய்தது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் கனடாவும் அங்குல அளவுக்கு மாற்றி எழுதிக்கொண்டன. பார்ப்பதற்கு இரட்டையர். ஆனால் மெட்ரிக் தோட்டாக்கூடு அங்குலத் துப்பாக்கியில் பெரும்பாலும் ஏறிவிடும். அங்குலக் கூடு மெட்ரிக்கில் ஏறாது. நிலைமொழியையும் வருமொழியையும் இடம் மாற்றினால் விதி மாறுவதைப் போன்றதே இது. 1982இல் பாக்லாந்துத் தீவுகளில் அர்ஜென்டினர் கையில் ஒன்று, ஆங்கிலேயர் கையில் மற்றொன்று; உடன்பிறந்த துப்பாக்கிகள் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டன.

1962 சீனப் போர்க் காலத்தில் நம் படைக்கும் அத்தகைய துப்பாக்கி உடனே தேவைப்பட்டது. பிறநாட்டு மாதிரிகளைப் பிரித்து அளந்து நம் பொறியாளர்கள் வடிவமைத்த எஸ்.எல்.ஆர்., இரு மரபின் கலப்பாக அமைந்தது. அதன் பாகங்கள் எந்த மரபோடும் முழுமையாக மாறிப் பொருந்தா. பழைய லீ - என்பீல்டின் அடித்தகட்டை, எண்ணெய்க் குப்பி வைக்கும் சிறுகதவோடு, அப்படியே அதன் கட்டையில் பொருத்தியும் விட்டார்கள். 1966இல் தொடங்கிய திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலையிலும் இவை உருவாயின. உலகம் இயல்புப் புணர்ச்சியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது நாம் விகாரப் புணர்ச்சி ஒன்றைச் செய்து பல்லாண்டுக் காலம் தோளில் சுமந்தோம். எனக்கு இதில் சிறு பெருமை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

எண்களின் பக்கத்தை எனக்குக் கற்பித்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து ஓய்வூதியம் பெறுபவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவின் கடல்பக்கக் கோடியில் அவர் வீடு. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்தவர். ஆண்டுதோறும் நவம்பர் 11 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்திற்குப் போவார். என் கல்லூரி நாட்களில், மாலையில் கட்டுமரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, தம் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லுவார். தோட்டாவின் பின்னே அடைத்துப் பூட்டும் பாகத்தை அவர் 'குலாஸ்' என்பார். அந்தக் குலாஸுக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை அதிகம் இருந்தாலும் தோட்டாவின் கூடு கிழிந்து முகத்திலடிக்கும். ஆகையால் ஒரு துப்பாக்கியின் குலாஸிலும் உடலிலும் ஒரே எண் பொறித்திருக்கும். துடைக்கும்போது மாற்றிப் போட்டால் தண்டனை.

அந்த எண்ணுக்குப் பிரெஞ்சில் 'மத்ரிக்குல்' என்று பெயர். சிப்பாயின் எண்ணுக்கும் அதே பெயர்தான்.

ஒருமுறை அவருடைய குலாஸ் பழுதானபோது, படையின் கம்மியர் வேறொன்றைப் பொருத்திப் பார்த்துக் கொடுத்தாராம். இறந்துபோன ஒருவனுடைய துப்பாக்கியிலிருந்து எடுத்தது. அதிலிருந்த எண்ணின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் இவருடைய துப்பாக்கியின் எண் புதிதாக. "நல்லா பொருந்துச்சுப்பா. அவன் பேரு எனக்குத் தெரியாது. நம்பரு மட்டும் இன்னைக்கும் தெரியும்" என்று சொல்லி, அந்த எண்ணைப் பிரெஞ்சில் ஒருமுறை சொன்னார். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலமாகி நெடுநாள் ஆகிறது.

டெக்சாஸ் மேசைக்குத் திரும்பினால், அங்கே கேள்வி வேறு உருவில் நிற்கிறது. இத்தனை பாகங்களில் துப்பாக்கி எது? அமெரிக்கச் சட்டம் விசை அமரும் கீழ்க்கூட்டைத் துப்பாக்கி என்று கொண்டு, அதில் எண் பொறிக்கச் சொல்கிறது. அந்தக் கூட்டை முடிவுறாத நிலையில் விற்றால்? வாங்கியவர் வீட்டில் முடித்துக்கொள்வார், எண் இருக்காது. 'பேய்த் துப்பாக்கி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இத்தகைய தொகுப்புகளுக்கும் எண் வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. 2025 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை ஏற்றது. நம் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமோ இந்தச் சிக்கலுக்குள் போவதேயில்லை. படைக்கலம் என்பதன் வரையறையிலேயே அதன் பாகங்களையும், அதைச் செய்யும் இயந்திரங்களையும் அடக்கிவிட்டது. உரிமம் இல்லாமல் வீட்டில் கூட்டுவது குற்றம். பாகத்தில் முழுமையைக் காணும் இந்தப் பார்வை, தருக்கம் தெரிந்த யாரோ எழுதியது போலிருக்கிறது.

வகுப்பில் 'மரவேர்' என்பதைப் பிரித்து எழுதினால் மட்டும் முழு மதிப்பெண் கிடைக்காது. மகரம் கெட்டது என்று எழுதவேண்டும். பொற்குடத்தில் னகரம் றகரமாகத் திரிந்தது என்று சொல்லவேண்டும். இரண்டு கூடி ஒன்றானபோது எது போயிற்று என்று கணக்குச் சொல்லாத விடையை நம் இலக்கணம் ஏற்பதில்லை. அந்தக் குலாஸின் மேல் கிழித்த கோடும் அத்தகைய கணக்குதான். கொடூரமான கணக்கு, ஆயினும் கணக்கு. அரை மில்லிமீட்டரைச் சரிசெய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் எழுந்து நிற்கும் அந்தப் புதிய துப்பாக்கியில் எல்லாம் பொருந்தியிருக்கும். யாருடையது, யார் பொறுப்பு என்று வாசிக்க அதில் ஓர் எண்கூட இல்லாமல் போகலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.