கரைந்த மலையின் கணக்கு

குற்றாலத்துத் தண்ணீரைப் பற்றி எங்கள் தென்காசி வீட்டில் ஒரே பேச்சுதான். "மூலிகைத் தண்ணிடே, ஒடம்புக்கு நல்லது" என்பார் மாமா. சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதில் நிச்சயமாக இருப்பது இன்னொன்று: கரைந்த மலை.

பொங்குமாங்கடலைப் பார்த்தால் அருவி பாறையைக் குடைவது கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத வேலையும் நடக்கிறது. சாரல் மழை காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சோடா மாதிரி, அதைவிட ரொம்பவே நீர்த்தது. அது சார்னோகைட், நைஸ் பாறைகளில் உள்ள ஃபெல்ட்ஸ்பாரை மெல்லக் களிமண்ணாக்கும். கால்சியம், சோடியம், சிலிக்கா, பைகார்பனேட் எல்லாம் சிற்றாற்றில் இறங்கும்.

சரி, ஆற்றில் ஓடும் கால்சியம் எந்தப் பாறையிலிருந்து வந்தது? அதோடு ஒட்டிக்கொண்டு திரியும் ஸ்ட்ரான்சியம் காட்டிக்கொடுக்கும். ஒரே தனிமம், எடை மட்டும் வேறு என்றால் அவை ஐசோடோப்புகள். ரூபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 4,900 கோடி ஆண்டுகள், பிரபஞ்சத்தின் வயதைவிட மூன்று மடங்குக்கு மேல். ஸ்ட்ரான்சியம்-86 இப்படிக் கூடுவதில்லை. அதனால் ரூபிடியம் நிறைந்த பழைய கிரானைட்டில் 87-க்கும் 86-க்குமான விகிதம் ஏறிக்கிடக்கும். இன்றைய கடல்நீரில் அது 0.7092, கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லில் பெரும்பாலும் அதற்கும் கொஞ்சம் கீழே.

தண்ணீர் ஆவியானால் உப்பின் அடர்த்தி கூடும், மழை பெய்தால் பாறை உப்பு நீர்த்துப்போகும். ஆனால் ஆவியாவதால் இந்த விகிதம் மாறாது. செடி உறிஞ்சினாலும் மாறாது. மலைமேல் நிற்கும் மூலிகையும் அந்தப் பாறையின் எண்ணைச் சுமந்துதான் நிற்கிறது. மாமா கட்சிக்கும் கொஞ்சம் வெற்றி.

காவிரி, பாலாறு, பொன்னையாறு மூன்றிலும் இந்த விகிதத்தை அளந்த ஆய்வு 2007-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. தெற்கத்திப் பாறைகள் கரைவதை ஆற்றுத் தண்ணீரை வைத்தே வாசிக்கும் முயற்சி அது.

எந்தப் பாறை என்பதில் என்ன இருக்கிறது? சுண்ணாம்புக்கல் கரையும்போதும் கார்பன் டை ஆக்சைடு பிடிபடும். ஆனால் கடலில் அது சிப்பியாக, பவளமாகப் படியும்போது பிடித்ததெல்லாம் திரும்ப வெளியேறிவிடும். குற்றாலத்துச் சிலிக்கேட் பாறை போன்றது கரைந்து, அதன் கால்சியம் அப்படிப் படிந்தால், பிடித்ததில் பாதி கடலடியில் தங்கிவிடும். பூமி பல லட்சம் ஆண்டு அளவில் தன் சூட்டை இப்படித்தான் சமாளிக்கிறது.

இப்போது அந்த வேலையை அவசரப்படுத்தப் பாறைப்பொடியை வயலில் தூவி, கார்பன் கிரெடிட்டாக விற்கிறார்கள். இந்திய நெல்வயல்களில் பசால்ட் பொடி தூவும் மாட்டி கார்பன், 2025-இல் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 5 கோடி டாலர் வென்றது. இத்தகைய கிரெடிட்டுகளை வாங்குகிறவர்களில் என் துறையின் பெரிய நிறுவனங்களும் உண்டு. அதனால் இந்தக் கணக்கு எனக்கு வெறும் வேடிக்கை இல்லை.

யூரியாவிலிருந்து மண்ணில் உருவாகும் நைட்ரிக் அமிலமும் பாறையைக் கரைக்கும். அப்படிக் கரைந்ததில் காற்றிலிருந்து துளிக் கார்பன்கூட எடுபடாது. ஆற்றில் கால்சியம் கூடிவிட்டது என்று காட்டினால் போதாது. எந்தப் பாறை, எந்த அமிலம் என்று இரண்டையும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஸ்ட்ரான்சியம். இரண்டாவதற்குக் கார்பன்-13, கந்தகம், நைட்ரஜன் ஐசோடோப்புகள் கைகொடுக்கும்.

தூவிய மூட்டைகளை எண்ணி எக்செல் ஷீட் போடுவது சுலபம். அது எனக்குப் போதாது. ஆற்றையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும்.