மாமாவின் 407-ம் ஒரு சாண் டியூப்பும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. காரணம் மாமாவோட 407. (சரி சரி, சோம்பேறித்தனமும்தான்.)

மாமா கோவில்பட்டியில் லோடு அடிக்கிறவர். டாடா 407 முதல்ல வந்தது 1986-ல். மாமா வச்சிருக்கிறது 1998 மாடல். தீப்பெட்டி பண்டல், கடலைமிட்டாய், சீசன் வந்தா கரிசக்காட்டு உளுந்து, மிளகாய் வத்தல். அந்த ஒரு வண்டியில்தான் குடும்பமே ஓடுது.

போன மாசியில் வண்டிக்கு ஒரு வியாதி. ஓடும்போது ஒண்ணும் தெரியாது. நிறுத்தி ஸ்லோ ஸ்பீடில் விட்டா, டுர்ர்ர்... டுர்... டுர்ர்ர்ருன்னு ஏறி இறங்கும். சமயத்துல பொசுக்குன்னு அணைஞ்சிடும். மாமா செஞ்ச முதல் வைத்தியம் ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோ ஸ்பீடைக் கூட்டினது. ஆட்டம் மறைஞ்சுது, டீசலும் சேர்ந்து மறைஞ்சுது.

ஒரு பட்டறையில் காட்டினோம். பார்த்த அஞ்சாவது நிமிஷம், "பம்ப்புல கவர்னர் தேஞ்சு போச்சு. இறக்கி வேலை பார்க்கணும், இருபதாயிரம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அத்தை ஒண்ணும் பேசாம கழுத்துச் செயினைக் கழட்டி சாமி படத்துக்கு முன்னாடி வச்சிட்டாங்க. மாமா அந்தப் பக்கமே பார்க்கலை.

பட்டறைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கவர்னரோட வேலையே அதுதான்: வேகம் குறைஞ்சா டீசலைக் கூட்டும், ஏறினா குறைக்கும். அது தேஞ்சா இப்படித்தான் ஊஞ்சல் ஆடும். ஆனா டீசலோட காத்து கலந்து வந்தாலும் இதே ஊஞ்சல்தான். ஒரு குமிழ் உள்ளே போனா வேகம் விழும், கவர்னர் பதறிப்போய் டீசலை அள்ளி ஊத்தும், வேகம் எகிறும், உடனே வெட்டும். பாவம், அதைக் குத்தம் சொல்லி என்ன செய்ய?

செயின் அடகுக்குப் போறதுக்கு முந்தின நாள் தூத்துக்குடி லோடு ஒண்ணு வந்தது. பார்ட்டியே டேங்கை நிரப்பிக் கொடுத்துட்டார். வண்டி நாள் முழுக்க ஆடவே இல்லை! மாமா பேய் கணக்கா வருது போகுதுன்னு புலம்பினார். எட்டயபுரம் ரோட்டுல ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"வழக்கமா டேங்குல எவ்வளவு கிடக்கும்?"

மாமா தலையைச் சொறிஞ்சார். அன்னன்னிக்குக் கிடைக்கிற வாடகையில 500, 1000-ன்னு போடுறவர் அவர். டேங்க் எப்பவும் அடியிலதான் கிடக்கும்.

"காலையில கைப்பம்ப் அடிச்சுத்தான எடுக்கீரு?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப பம்ப்பைத் தொடாதீரும். கவர்னர் போயிருந்தா டேங்கு நிறைஞ்சா என்ன, காஞ்சா என்ன, ஆடத்தானவே செய்யும்?"

விஷயம் இதுதான். டீசல் அடியில கிடந்தா ஃபீட் பம்ப் பலமா உறிஞ்சணும். வழியில டியூப்பில் விரிசல் இருந்தா டீசல் வெளியே ஒழுகாது, காத்துதான் உள்ளே போகும். அதனால ஈரமே தெரியாது. ராத்திரி அதே ஓட்டை வழியா காத்து புகுந்து, லைன்ல நிக்கிற டீசல் டேங்குக்கே இறங்கிடும். அதான் காலையில கைப்பம்ப்.

அண்ணாச்சி அஞ்சு லிட்டர் கேன்ல டீசல் எடுத்து உயரத்துல வச்சு, புது டியூப் போட்டு நேரா ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்தார். காத்தை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினா, எஞ்சின் அசையாம நின்னுது. மறுபடி பழைய லைனை மாட்டி, நடுவுல ஒரு துண்டு கண்ணாடி டியூப் வச்சார். சோடா பாட்டில் மாதிரி குமிழ் குமிழா வருது!

சேஸிஸ் பக்கம் ரப்பர் டியூப்பில், கிளிப்புக்கு அடியில விரிசல். நம்ம ஊர் வெயில்ல ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? ஒரு சாண் டியூப், ரெண்டு கிளிப், ஒரு டீசல் ஃபில்டர். காப்பர் வாஷரை மட்டும் புதுசு போடலை. அடுப்புல சிவக்கக் காய்ச்சி தண்ணியில போட்டார், இளகி மறுபடி நல்லா உக்காருமாம். கூலியோட எல்லாம் ஆயிரத்துக்குள்ள. கடைசியா மாமா திருகி வச்ச ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்கினார், ஒரு முறைப்போட.

செயின் அத்தை கழுத்துக்குத் திரும்பியாச்சு. மாமா இன்னமும் 500 ரூபாய்க்குத்தான் டீசல் போடுறார்.

பி.கு: சீரா ஏறி இறங்காம, வண்டி ஒரு பக்கமா உதறினா அது வேற கேஸ். ஸ்லோ ஸ்பீடில் நாசிலுக்குப் போற பைப் நட்டை ஒவ்வொண்ணா லூஸ் பண்ணிப் பாருங்க. எதை லூஸ் பண்ணும்போது சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர் சும்மா இருக்குன்னு அர்த்தம். டீசல் பீய்ச்சும், கண்ணு பத்திரம்.