முழுசும் வாசித்தேன் என்றேன்

பார்க்காத படங்களைப் பார்த்ததாகப் பல வருடம் சொல்லித் திரிந்திருக்கிறேன். பாதியில் எழுந்து வந்த படங்களுக்கு முழுத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். சினிமாவைப் பற்றிய பொய்யால் யாருக்கு என்ன நட்டம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நட்டம் உண்டு. அது என் சித்தி மகனுக்கு நேர்ந்தது. அவன் அப்பாவுக்கும் நேர்ந்தது. நடந்ததை நடந்தபடி இங்கே வைக்கிறேன். வாசிப்பவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

தூத்துக்குடி துறைமுகத்தில் எனக்கு டேலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணாமல் ஒரு மூட்டைக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. சாயங்காலம் திரேஸ்புரம் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவேன். அங்கே எண்ணாமலே கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் எனக்குப் ‘படம் தெரிஞ்சவரு’ என்று பெயர். புதுப்படம் வந்தால், “எப்படி இருக்கு அண்ணாச்சி?” என்று என்னிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. அந்தப் பெயர் எனக்கு ருசித்தது. ‘இன்னும் பார்க்கல’ என்று சொன்னால் அது போய்விடும் என்று பயந்தேன். பயத்தை மறைக்கக் குரலை உயர்த்தினேன். குரல் உயர்ந்தால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

ராமு காரியத்தின் ‘செம்மீன்’ 1965இல் வந்த மலையாளப் படம். ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது. அதைப் பார்க்காமலே புகழ்ந்தேன். பத்திரிகையில் வாசித்த நாலு வரிதான் என் கையிருப்பு. கடலுக்குப் போன ஆணைக் கரையில் இருக்கும் பெண்ணின் கற்பு காக்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய கதை அது. புருசன் கடலுக்குப் போனபின் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போகும் எங்கள் பெண்கள் அந்தக் கதையை எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. படத்தைப் பார்த்திருந்தால் யோசித்திருப்பேன்.

‘படகோட்டி’யை இகழ்ந்தேன். அது 1964இல் வந்தது. எம்.ஜி.ஆர். படத்தை மட்டம் தட்டினால் விவரமானவன் என்று நினைப்பார்கள் என்பது என் கணக்கு. ‘கேரளாவுல போய் எடுத்துட்டு நம்ம கடலுன்னு காட்டுதான்’ என்று அதை ஒரே வரியில் முடித்துவிடுவேன். இரண்டு மீனவக் கூட்டத்தை மோதவிட்டு நடுவில் கொழுக்கிறவனைப் பற்றிய படம் அது. மீன் பிடிக்கிறவன் விலை சொல்ல முடியாத கரையில் பிறந்தவர்களுக்கு அந்தக் கதை ஏன் நெஞ்சில் ஒட்டியது என்று பக்கத்தில் இருந்த பெரியவர்களிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தும் பேசிக்கொண்டேயிருந்தேன்.

எஸ்.பி. ஜனநாதனின் ‘இயற்கை’ 2003இல் வந்தது. துறைமுகமும் கப்பல்காரர்களும் உள்ள படம். கப்பலில் போன ஒருவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணை இன்னொரு கப்பல்காரன் நேசிக்கிறான். எங்கள் ஊர்க்காரன் முதல் ஆளாகப் போய்ப் பார்த்திருக்க வேண்டிய படம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நானும் போகவில்லை. தேசிய விருது கிடைத்தது. தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ கதையின் சாயல் அதில் உண்டு என்று தெரிந்தது. மறுநாளே அந்தப் பெயரைச் சொல்லி, படம் வந்தபோதே நான் கண்டுகொண்டதாகப் பேசினேன். ஆள் வராமல் காலியாகக் கிடந்த நாற்காலிகளில் ஒன்று என்னுடையது.

அடுத்து என் அப்பா. அவருக்கு ‘கப்பலோட்டிய தமிழன்’ உயிர். பி.ஆர். பந்துலு 1961இல் எடுத்தது. வந்தபோது ஓடவில்லை. “வ.உ.சி. கப்பல் விட்ட ஊர்ல பொறந்துட்டு அந்தப் படத்தப் பாக்காம இருக்கலாமா?” என்று அப்பா கேட்பார். செக்கிழுக்கும் காட்சியை மட்டும் டிவியில் பார்த்திருந்த நான், நண்பர்களை வைத்துக்கொண்டே, “அது படம் இல்லப்பா, மேடை நாடகம்” என்றேன். அப்பா பதில் பேசவில்லை. அதன்பிறகு என்னிடம் எந்தப் படத்தைப் பற்றியும் பேசவில்லை. அவர் போனபின் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வருகிறார். வரவேற்க ஊர் திரண்டு நிற்கவில்லை. தொழுநோயில் உருக்குலைந்த சுப்பிரமணிய சிவாவாக டி.கே. சண்முகம் நிற்கிறார். சிவாஜி அவரைப் பார்க்கும் பார்வையைப் பற்றி அப்பாவோடு பேச வேண்டும்போல் இருந்தது. பேச அவர் இல்லை.

இவ்வளவும் என் கெட்ட பழக்கம் வளர்ந்த விதம். குற்றம் இனிமேல்தான்.

2013 பிப்ரவரியில் மணிரத்னத்தின் ‘கடல்’ வந்தது. மணப்பாட்டில் எடுத்த படம். எங்கள் கரை, எங்கள் கோயில், எங்கள் பேச்சு. நண்பர்களோடு போனேன். செத்துப்போன தாய்க்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்பட்டு, அவள் பிள்ளை தனியாக நிற்கும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இடைவேளையில் அவர்களோடு எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்ததும், ‘கடல்’ என்று பேர் வைத்துவிட்டுக் கடலே தெரியாமல் எடுத்திருக்கிறான் என்று எல்லாரையும் முந்திக்கொண்டு நானே தீர்ப்புச் சொன்னேன். படம் ஓடவில்லை. என் வாக்கு பலித்ததாகக் கடையில் பேசினார்கள். அந்த வாரம் முழுக்க நான் பெருமையில் மிதந்தேன்.

அந்த நேரத்தில்தான் சித்தி மகன் என்னிடம் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தான். சித்தப்பா சங்கு குளிக்கிறவர். அவருடைய அப்பா 1961இல் நடந்த முத்துக்குளிப்பில் முங்கியவர். இந்தக் கரையில் அதுதான் கடைசி முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு முங்குகிறவர்களுக்குச் சங்குதான் கதி. அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகும். முங்கி எடுத்தவனின் காதும் நெஞ்சும் என்னவாகும் என்பதைத் தமிழில் யாரும் படமாகக் காட்டி நான் பார்த்ததில்லை. 1967இல் வந்த ‘அனுபவி ராஜா அனுபவி’யில் நாகேஷின் இரட்டை வேடத்தில் ஒன்று தூத்துக்குடிக்காரன். முத்துக்குளிப்பு அதில் ஒரு பாட்டாக வந்து போனது. தம்பி அதை ஒரு வாழ்க்கையாக எழுதியிருந்தான். அப்பா ராத்திரி ராத்திரியாகச் சொன்னதைக் காட்சி காட்சியாக நோட்டில் ஏற்றியிருந்தான். படம் தெரிந்த அண்ணன் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று கொண்டுவந்து கொடுத்தான்.

நான் முதல் சில பக்கங்கள் வாசித்தேன். மணலில் சங்கு ஊர்ந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே சித்தப்பா மூச்சடக்கிப் போகிற இடம் அதில் இருந்தது. நன்றாக இருந்தது. நாளை மிச்சத்தை வாசிக்கலாம் என்று டிவிக்கு மேலே வைத்தேன். பிறகு தொடவில்லை. வேலை அதிகம் என்று சொல்ல மாட்டேன். நேரம் இருந்தது. அவன் எழுதியதை நான் மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் அவன் கடைக்கே வந்துவிட்டான். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். “அண்ணே, நோட்ட வாசிச்சியளா?” என்று கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசிக்கவில்லை என்று சொல்லியிருந்தால், ‘சரிண்ணே, மெதுவா வாசிங்க’ என்று போயிருப்பான்.

“வாசிச்சேன்லே. கடல் படமெல்லாம் ஓடாது. மணிரத்னம் எடுத்தே ஓடல. சங்கு குளிக்கிறவன் கதைய யாரு துட்டு குடுத்துப் பாப்பா?”

“முழுசும் வாசிச்சியளாண்ணே?”

“முழுசும் வாசிச்சேன். முடிவுதான் ஒண்ணும் சரியில்ல.”

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: “முடிவு இன்னும் எழுதலண்ணே. உங்ககிட்டக் கேட்டுட்டு எழுதலாம்னு கடைசிப் பக்கத்த அப்படியே விட்டிருந்தேன்.”

பிடிபட்டேன். அப்போதாவது தலையைக் குனிந்திருக்கலாம். நான் செய்தது வேறு. “அதத்தாம்லே சொல்லுதேன், முடிவே இல்லாத கதைய எவன் பாப்பான்?” என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பொய் சொன்னவன் தப்பித்தான். உண்மை சொன்னவன் சிரிப்புக்கு ஆளானான். அவன் என் வீட்டுக்குப் போய் நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

வாசிக்காதது சோம்பல். வாசித்தேன் என்றது பயம். அந்தச் சிரிப்புக்கு மட்டும் அப்படி எந்தச் சாக்கும் கிடையாது. என் பெயர் நிற்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே ஒரு பையனைக் கூட்டத்தில் மிதித்தேன்.

அவன் அதன்பின் எழுதவில்லை. வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போனான். சித்தியிடம் ஒருமுறை, அவன் ஏன் எழுத்தை விட்டான் என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன். “நீதான் சரியில்லன்னுட்டியாமே. நீ சொன்னா சரியாத்தானய்யா இருக்கும்” என்றாள். என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அந்த நம்பிக்கையைக் கேட்டுக்கொண்டு அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சித்தப்பா இறந்தபோது அவன் வந்து சேர முடியவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் சித்தி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. டிரங்குப் பெட்டியில் இருந்த தாளெல்லாம் கூழாகிப் போனது. அந்த நோட்டும் அதில் இருந்தது. அதில் இருந்ததைத் திரும்பச் சொல்லச் சித்தப்பாவும் இல்லை. நான் வாசித்த அந்தச் சில பக்கங்கள் மட்டும் என் நினைவில் மிச்சம். மீதியை வாசிக்கச் சோம்பல்பட்டவனிடம் அது வந்து மாட்டியிருக்கிறது.

2024இல் மாரி செல்வராஜின் ‘வாழை’யைப் பார்த்தேன். இதே மாவட்டத்துப் புளியங்குளத்தில் வாழைத்தார் சுமந்த பிள்ளைகளின் கதை. அவர் வாழ்ந்த வாழ்க்கை, அவர் ஊர்ப் பேச்சு. தியேட்டர் நிறைந்திருந்தது. எங்கள் ஊர்க் கதையை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று நான் கேட்ட கேள்விக்கு அந்தக் கூட்டம் பதிலாக உட்கார்ந்திருந்தது. தம்பியின் நோட்டு படமாகியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதுகிற எல்லாம் படமாவதில்லை. ஆனால் அவன் எழுதி முடித்திருப்பான். ஒரு சங்குகுளிகாரரின் வாழ்க்கை கடைசிப் பக்கம் வரை தாளில் இருந்திருக்கும். அதை நான் கெடுத்தேன்.

‘கடல்’ படத்தின் மறுபாதியையும் பிறகு பார்த்தேன். குறைகள் உண்டு, காதல் பகுதி தளர்ந்து போகிறது. ஆனால் பாவத்தையும் மன்னிப்பையும் பற்றி அது சொல்ல வந்தது எல்லாம் நான் எழுந்து வந்த பிறகுதான் கனக்கிறது.

தம்பியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். “விடுங்கண்ணே, அது எப்பமோ நடந்தது” என்றான். பிறகு பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினான். மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், என் மனம் ஆறுவதற்காக அவனை இன்னொரு முறை வேலை வாங்கியதாகும்.

நான் திருந்திவிட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். கடையில் இன்றும் கேட்கிறார்கள். ‘பார்க்கல’ என்று பெரும்பாலும் சொல்லிவிடுகிறேன். சில நாள் பழைய குரல் முந்திக்கொள்கிறது. வீட்டுக்கு வந்தபின் உறைக்கிறது.

உங்களிடம் யாராவது தான் எழுதியதைக் கொண்டுவந்து கொடுத்தால் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள். வாசிக்கவில்லை என்றால் வாசிக்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு எனக்குத் துணிவில்லை. கோழை நான். விலை கொடுத்தவன் அவன்.